அட்டை இருந்தால் போதுமா? "எல்லாருக்கும் மருத்துவம்" என்று எப்போது சொல்லலாம்

கணக்குமேசை:

ஒரு நாடோ மாநிலமோ "எங்கள் மக்கள் எல்லாருக்கும் மருத்துவப் பாதுகாப்பு உண்டு" என்று அறிவிக்கிறது. அது உண்மையா என்று எதை வைத்துப் பார்ப்பது? இந்த இழையில் அதை மட்டும் பேசலாம். கட்சி அரசியலுக்கு வேறு இழைகள் உண்டு.

முதலில் என் பக்கம். உலக சுகாதார நிறுவனம் 2010ஆம் ஆண்டு அறிக்கையில் ஒரு கனசதுரத்தை வரைந்து காட்டியது. ஒரு பக்கம், மக்களில் எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள். இன்னொரு பக்கம், எந்தெந்தச் சிகிச்சைகள் சேர்ந்திருக்கின்றன. மூன்றாவது, செலவில் எவ்வளவு பொதுப்பணம், எவ்வளவு நோயாளியின் கைப்பணம். மூன்றையும் பெருக்கினால்தான் கன அளவு வரும். நம் ஊரில் முதல் பக்கத்தை மட்டும் அளந்துவிட்டு, இத்தனை கோடிப் பேருக்கு அட்டை கொடுத்தாயிற்று என்று முடித்துவிடுகிறோம்.

ஆயுஷ்மான் பாரத் திட்டத்தைப் பாருங்கள். 2018 செப்டம்பர் 23இல் ராஞ்சியில் தொடங்கியது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் அது உள்நோயாளிச் சிகிச்சைக்கு மட்டும். படுக்கையில் சேர்வதற்கு முந்தைய 3 நாள், வீடு திரும்பிய பின் 15 நாள், இடைப்பட்ட நாட்கள். அவ்வளவுதான். சர்க்கரை நோயாளி மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கு, ஊசிக்கு, ரத்தப் பரிசோதனைக்கு அந்த 5 லட்சத்தில் ஒரு ரூபாய்கூட வராது. மருத்துவச் செலவால் கடன்படும் குடும்பங்களை மெதுவாக அரிப்பது பெரும்பாலும் இந்த வெளிநோயாளிச் செலவுதான்.

தேசிய சுகாதாரக் கணக்கின்படி மொத்தச் சுகாதாரச் செலவில் மக்களின் கைச்செலவு 2013-14இல் 64.2 சதவீதம். 2021-22இல் 39.4. குறைந்திருப்பது நல்ல செய்தி. ஆனாலும் 100 ரூபாயில் கிட்டத்தட்ட 40 ரூபாயை நோய் வந்தவரே கவுண்டரில் எண்ணிக் கொடுக்கும் ஊரை முழுப் பாதுகாப்புள்ள ஊர் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

முன்அனுமதி:

நான் பேசப்போவது தமிழ்நாட்டு முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம். 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக வந்தது, 2012 ஜனவரியில் இப்போதைய பெயரில் மாறியது, 2018இல் மத்தியத் திட்டத்தோடு இணைந்து 5 லட்சமானது. வருமான வரம்பு முதலில் ஆண்டுக்கு 72,000. 2022 முதல் 1,20,000.

1,20,000 என்றால் மாதம் 10,000. ஒருவர் ஒரு நாளைக்கு 400 ரூபாய் கூலிக்கு மாதம் 25 நாள் போனாலே அந்தக் கோட்டைத் தொட்டுவிடுகிறார். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடு உண்மையான வருமானத்தை எழுதினால் வெளியே. அதனால்தான் கிராம நிர்வாக அலுவலர் தரும் வருமானச் சான்று எல்லா ஊரிலும் கிட்டத்தட்ட ஒரே தொகையைக் காட்டுகிறது. விதியை உள்ளபடி கடைப்பிடித்தால் ஏழைகளே வெளியே போவார்கள் என்பது சான்று எழுதுபவருக்கும் தெரியும்.

இரண்டாவது ஓட்டை, குடும்பம் என்றால் யார் என்ற வரையறை. தகுதியுள்ளவர், அவருடைய சட்டபூர்வத் துணை, சார்ந்திருக்கும் பெற்றோர், பிள்ளைகள். பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும்வரை, அல்லது திருமணம் ஆகும்வரை, அல்லது 25 வயதுவரை. எது முந்தியோ அது. ஆக, வேலை இல்லாத, திருமணம் ஆகாத 26 வயதுப் பையன் அப்பா அட்டையில் இல்லை. தனி ரேஷன் கார்டு இருந்தால்தான் தனி அட்டை. அவனுக்கோ தனி ரேஷன் கார்டு கிடையாது. திருமணமான பெண்ணின் பெயரைப் பிறந்த வீட்டுக் கார்டில் நீக்கி, புகுந்த வீட்டுக் கார்டில் சேர்ப்பதற்குள் பிரசவச் சிக்கல் வந்தால் இரண்டு வீட்டு அட்டையும் உதவாது.

அட்டை இருப்பவருக்கும் வழி நேராக இல்லை. மருத்துவமனை பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது. அந்தத் துறைக்கும் பட்டியலில் இருக்க வேண்டும். இதயத்துக்கு ஒப்புதல் உள்ள இடத்தில் எலும்புக்கு இருக்காது. சேர்ந்ததும் திட்ட மேசையில் அட்டை, ஆதார், ரேஷன் கார்டு, பரிசோதனை முடிவுகள் எல்லாவற்றையும் ஏற்றி முன் அனுமதி கேட்பார்கள். அந்தப் பரிசோதனைகளை எடுப்பதற்கே பல இடங்களில் முதலில் கைக்காசு போகிறது. அனுமதி வந்தபின் தொகுப்புக் கட்டணம், அதாவது அந்தச் சிகிச்சைக்கு மொத்தமாக நிர்ணயித்த தொகை. அதற்கு மேல் நோயாளியிடம் வாங்கக் கூடாது என்பது விதி. விதி மீறப்படும் இடம் பெரும்பாலும் உள்வைப்புப் பொருள். "திட்டத்தில் வருவது சாதாரண ஸ்டென்ட், நல்லது வேண்டுமென்றால் வித்தியாசத்தைக் கட்டுங்கள்" என்பார்கள். கட்டச் சொன்னால் ரசீது கேளுங்கள். அந்தத் தொகைக்கு ரசீது வராது. திட்ட அதிகாரியிடம் புகார் கொடுக்க அதுவே போதுமான காரணம்.

தென்கரை:

முன்அனுமதி சார், நீங்கள் சொல்வது எல்லாம் காப்பீட்டுக்குச் சரி. ஆனால் காப்பீடு மட்டும்தான் பாதுகாப்பா? ஆரம்ப சுகாதார நிலையத்தில் வருமானச் சான்றும் கேட்பதில்லை, அட்டையும் கேட்பதில்லை. அரசு மருத்துவமனை வெளிநோயாளிப் பிரிவிலும் அப்படியே. பணக்காரர் போனாலும் இலவசம். அப்படிப் பார்த்தால் தமிழ்நாடு காப்பீடு வருவதற்கு வெகுகாலம் முன்பே எல்லாரையும் சேர்த்துவிட்டதே? காப்பீட்டுக்காரர்கள் வந்து மக்களைத் தகுதியுள்ளவர், தகுதியில்லாதவர் என்று பிரித்ததுதான் பின்னடைவு என்று எனக்குப் படுகிறது.

மாத்திரைக்கிடங்கு:

தென்கரை, பாதி ஒத்துக்கொள்கிறேன். கதவு திறந்திருப்பது உண்மை. உள்ளே அலமாரியில் மருந்து இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. அதைத் தமிழ்நாடு எப்படிச் சமாளித்தது என்பதை விளக்குகிறேன், ஏனென்றால் இந்த விவாதங்களில் யாரும் கிடங்குக்குள் எட்டிப் பார்ப்பதே இல்லை.

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994 ஜூலையில் பதிவானது, 1995 தொடக்கத்தில் வேலையை ஆரம்பித்தது. அத்தியாவசிய மருந்துப் பட்டியல் ஒன்று. அந்தப் பட்டியலுக்கு மட்டும் மாநிலம் முழுவதற்கும் ஒரே டெண்டர். தொழில்நுட்ப உறை, விலை உறை என இரண்டு. மருந்து மாவட்டக் கிடங்குக்கு வந்ததும் ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, தயாரிப்பாளர் பெயரை மறைத்துக் குறியீட்டு எண் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். தேறினால்தான் வெளியே போகும். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். அதில் அந்த ஆண்டுக்கான தொகை வரவாக இருக்கும்; எடுக்கும் மருந்தின் மதிப்பு கழியும். எந்த மருந்து எவ்வளவு என்று மருத்துவமனையே தீர்மானிக்கலாம்.

கோளாறு வரும் இடம் தேவையைக் கணிப்பதில். ஒரு நிலையத்தில் 600 பேர் தினம் ஒரு அம்லோடிபின் 5 மில்லிகிராம் ரத்த அழுத்த மாத்திரை எடுக்கிறார்கள் என்றால் மாதம் 18,000 மாத்திரை. அவர்களில் 120 பேருக்கு அளவு 10 மில்லிகிராம் ஆகி, தினம் இரண்டு மாத்திரை கொடுக்க வேண்டியிருந்தால் கூடுதலாக 3,600. மொத்தம் 21,600. மூன்று மாதக் கையிருப்பு என்றால் 64,800. கணிப்பவர் போன ஆண்டு வழங்கிய அளவை எடுத்து 10 சதவீதம் கூட்டி எழுதுகிறார். போன ஆண்டு இரண்டு மாதம் மருந்தே இல்லாமல் இருந்திருந்தால், அந்தப் பற்றாக்குறை குறைந்த தேவையாகப் பதிவாகி அடுத்த ஆண்டு வேண்டுகோளும் குறைந்துவிடும். ஒரு முறை தீர்ந்த மருந்து மறுபடி மறுபடி தீர்ந்துபோவது இதனால்தான். வழங்கியதை வைத்துக் கணிக்கக் கூடாது. பதிவேட்டில் உள்ள நோயாளி எண்ணிக்கையை எழுதிக்கொடுத்த அளவால் பெருக்கிக் கணிக்க வேண்டும்.

மருந்து தீர்ந்தால் நிலையம் என்ன செய்யும்? 30 நாளைக்குப் பதில் 10 நாளைக்குக் கொடுக்கும். கூலி வேலை செய்பவர் மாதம் மூன்று தடவை வேலையை விட்டு வர முடியாது. இரண்டாவது தடவையே நின்றுவிடுவார். இலவசம்தான். ஆனால் அவருக்குச் சிகிச்சை நின்றுபோயிற்று.

இன்னொன்று. அரசு மருத்துவமனையில் எல்லாமே காசில்லை என்பதும் முழுச் சரியல்ல. கழகம் நடத்தும் ஸ்கேன் மையங்களில் காப்பீட்டு அட்டை இல்லாதவருக்குச் சி.டி.க்கு 500, எம்.ஆர்.ஐ.க்கு 2,500 என்று கட்டணம் உண்டு. வெளியே உள்ள விலையோடு பார்த்தால் குறைவு. 26 வயதுப் பையன் கதைக்குத் திரும்பினால், அவன் அதைக் கட்ட வேண்டும்.

வன்னிமரம்:

தென்கரை அண்ணைக்கு ஒரு உதாரணம் எங்கட நாட்டிலை இருக்கு. இலங்கையிலை 1951இலிருந்து அரசாங்க வைத்தியசாலையிலை கட்டணம் இல்லை. 1971இலை சின்னக் கட்டணம் ஒண்டு வந்து 1977இலை எடுபட்டது. அட்டை கிடையாது, வருமான வரம்பு கிடையாது. பிரதேச வைத்தியசாலை, ஆதார வைத்தியசாலை, போதனா வைத்தியசாலை எண்டு எந்தப் படியிலையும் நேரடியாப் போய் நிக்கலாம். சட்டப்படி பார்த்தா கனசதுரத்தின்ரை முதல் பக்கம் முழுசா நிரம்பியிருக்கு.

ஆனா கைச்செலவு மொத்தச் செலவிலை பாதிக்குக் கிட்ட. ஏன்? உள்நோயாளர் சேவையிலை 90 வீதத்துக்கு மேலை அரசாங்கம்தான். பிரசவம், சத்திரசிகிச்சை, புற்றுநோய் எல்லாத்துக்கும் அங்கைதான் போறது. வெளிநோயாளர் பக்கத்திலை ஏறக்குறைய பாதி தனியார். அரசாங்க வைத்தியரே வேலை நேரம் முடிஞ்சாப் பிறகு தனியார் இடத்திலை சானல் பார்க்கலாம், அதாவது காசு வாங்கி நோயாளரைப் பார்க்கலாம். காலமை அஞ்சு மணிக்கு வந்து நம்பர் எடுத்து மத்தியானம் வரைக்கும் நிக்கிறதைவிட, பின்னேரம் காசு கட்டி அதே வைத்தியரைப் பார்க்கிறது வேலைக்குப் போறவைக்கு லாபம். ஒரு நாள் கூலியையும் சானல் காசையும் கூட்டிக் கழிச்சுத்தான் முடிவெடுக்கினம்.

அடுத்தது துண்டு. வைத்தியசாலையிலை இல்லாத மருந்துக்கும் பரிசோதனைக்கும் வெளியிலை வாங்கச் சொல்லித் துண்டு எழுதிக் குடுக்கிறது. 2022இலை டொலர் இல்லாமல் போன நேரம் இந்தத் துண்டு வழக்கம் வாட்டுக்குள்ளையே வந்திட்டுது. அரச மருந்தகக் கூட்டுத்தாபனத்தின்ரை ஒசுசலக் கடைகளிலையும் கன மருந்து இல்லை. ஆகையாலை ஆரையும் திருப்பி அனுப்பாமல் விடுறது முதல்படி மட்டும்தான். ஆனா அந்த முதல்படியைக் குறைச்சு மதிக்க வேண்டாம். குடும்பநல உத்தியோகத்தர் வீட்டு வாசலுக்கு வந்து கர்ப்பிணியைப் பதியிறவ. அவ வருமானச் சான்று கேட்கிறேல்லை. எங்கட தாய் சேய் இறப்பு வீதம் இந்த அளவுக்குக் குறைஞ்சதிலை அந்த வீட்டு வருகைக்குப் பெரிய பங்கு இருக்கு.

சாவோபிரயா:

தமிழ்நாட்டின் அட்டை முறையும் இலங்கையின் திறந்த கதவும் எதிரெதிர் முனைகள். நடுவில் தாய்லாந்து இருக்கிறது. அங்கே செய்ததை விரிவாகச் சொல்வது இந்த விவாதத்துக்கு உதவும்.

2001க்கு முன் அங்கேயும் ஏழைகளுக்கு மட்டும் அட்டை இருந்தது. 1975இல் வந்த திட்டம். உண்மையான ஏழை பலருக்கு அட்டை இல்லை, வசதியுள்ள பலரிடம் இருந்தது. இங்கே உள்ள அதே கதை. எதிலும் சேராதவர் சுமார் 1 கோடியே 80 லட்சம் பேர். 2002 சட்டம் இதை ஒரே கோட்டில் தீர்த்தது: அரசு ஊழியர் திட்டத்திலோ தனியார் ஊழியருக்கான சமூகப் பாதுகாப்பிலோ இல்லாத தாய்லாந்துக் குடிமகன் எவரும் தானாகவே மூன்றாவது திட்டத்தில். விண்ணப்பித்து உள்ளே வருவதல்ல. வேறு எதிலும் இல்லையென்றால் இதில் இருக்கிறார். வேலை போனால் சமூகப் பாதுகாப்பிலிருந்து விழுபவர் தரையில் விழுவதில்லை, மூன்றாவது திட்டத்தில் விழுகிறார். 26 வயதுப் பையன் என்ற ஓட்டையே அங்கே உருவாக வழியில்லை.

ஒரு தடவைக்கு 30 பாட் கட்டணம் வைத்தார்கள். 2006இல் அதையும் நீக்கினார்கள். பணம் எப்படிப் போகிறது என்பதுதான் முக்கியம். வெளிநோயாளிச் சிகிச்சைக்கு மாவட்ட மருத்துவமனை தன்னிடம் பதிவான தலைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே வாங்கிக்கொள்கிறது. தொடக்கத்தில் எல்லாச் சேவைக்குமாகத் தலைக்கு 1,202 பாட். உள்நோயாளிக்கு நோய் வகை வாரியான புள்ளிகள், மேலே ஒட்டுமொத்த உச்சவரம்பு. ஆகவே சர்க்கரை நோயாளி மாதாமாதம் வந்து மாத்திரை வாங்குவது மருத்துவமனைக்கு ஏற்கெனவே பணம் கட்டப்பட்ட வேலை. அவரைக் கவனிக்காமல் விட்டு, காலை எடுக்கும் நிலைக்கு வந்து படுத்தால் அதன் பணம்தான் வீண்.

இது 2002இல் திடீரென நடந்ததாக நினைத்துவிடக் கூடாது. 1972 முதலே மருத்துவம் படித்து முடித்தவர் மூன்று ஆண்டு அரசுப் பணி செய்ய வேண்டும், பெரும்பாலும் கிராமத்தில். 1982 முதல் 1986 வரை நகர மருத்துவமனைகளுக்குப் புதிய கட்டட முதலீட்டை நிறுத்தி, அந்தப் பணத்தை மாவட்ட மருத்துவமனைகளில் போட்டார்கள். கட்டடமும் ஆளும் இல்லாத இடத்தில் சட்டத்தை மட்டும் எழுதியிருந்தால் அது காகிதமாகவே இருந்திருக்கும். இந்தியாவில் உள்மாவட்டங்களில் பட்டியலிட்ட மருத்துவமனையே இல்லாத இடத்தில் 5 லட்ச அட்டை கொடுத்தால் நடப்பது அதுதான்.

அதற்கும் வெளியே நிற்பவர் உண்டு. சட்டம் குடிமக்களுக்கு. மியான்மரிலிருந்து வந்த தொழிலாளர்கள் தனியாக அட்டை வாங்க வேண்டும். குடியுரிமை நிலை முடிவாகாதவர்களுக்கு 2010இல் தனி நிதி வந்தது.

முன்அனுமதி:

வெளியே நிற்பவர் பற்றி ஒரு சேர்க்கை. தமிழ்நாட்டுத் திட்டத்தில் முகாம்களில் உள்ள இலங்கைத் தமிழ் அகதிகளுக்கு வருமான வரம்பு இல்லை. வெளிமாநிலத் தொழிலாளர் 6 மாதத்துக்கு மேல் இங்கே வசித்ததற்கு உரிய அலுவலரின் சான்று தந்தால் சேரலாம். விதி நல்ல விதி. கட்டட வேலைக்கு வந்தவர் நான்கு மாதத்துக்கு ஒரு தளம் மாறுகிறார், ஒப்பந்ததாரர் மாறுகிறார். 6 மாதம் இருந்தார் என்று எழுதித்தர யாரும் இல்லை.

நூற்பாலை:

தொழிலாளர் மாநிலக் காப்பீட்டை, அதாவது ஈ.எஸ்.ஐ.யை யாரும் எடுக்கவில்லையே. கணக்குமேசை தோழர் சொன்ன மூன்று பக்கங்களில் இரண்டை இந்தியாவில் ஒழுங்காக நிரப்பும் திட்டம் அதுதான். 1948 சட்டத்தால் வந்தது. வெளிநோயாளிச் சிகிச்சை உண்டு, மாத்திரை உண்டு, குடும்பத்துக்கும் உண்டு. நோயால் வேலைக்குப் போகாவிட்டால் ஊதியத்தில் 70 சதவீதம், ஆண்டில் 91 நாள் வரை. முதலமைச்சர் திட்டத்திலும் ஆயுஷ்மான் பாரத்திலும் நோய்க்காலக் கூலி இல்லை. வன்னிமரம் சொன்ன "ஒரு நாள் கூலி" இழப்பும் மருத்துவச் செலவுதான். அதைக் கணக்கில் எடுக்காத எந்த அளவுகோலும் தொழிலாளிக்கு அரைகுறைதான்.

ஊதிய வரம்பு 2017 முதல் மாதம் 21,000. முதலாளி 3.25 சதவீதம், தொழிலாளி 0.75. சம்பளம் 21,000ஐத் தாண்டினால் அன்றே வெளியே போக மாட்டார். அந்தப் பங்களிப்புக் காலம் முடியும்வரை, அதாவது ஏப்ரல்-செப்டம்பர் அல்லது அக்டோபர்-மார்ச் முடியும்வரை, பிடித்தம் தொடரும். இதைத் தெரியாமல் கணக்கர் பிடித்தத்தை நிறுத்தினால் நோய்க்காலக் கூலிக்குத் தேவையான 78 நாள் பங்களிப்பு குறைந்துபோகும். உங்கள் சம்பளச் சீட்டைப் பாருங்கள்.

பிறகு என்ன? 21,500 வாங்குபவர் ஈ.எஸ்.ஐ.யில் இல்லை. ஆண்டு வருமானம் 2,58,000, ஆகவே முதலமைச்சர் திட்டத்திலும் இல்லை. நிதி ஆயோக் 2021இல் இப்படி இரண்டுக்கும் நடுவே நிற்பவர்கள் நாட்டில் குறைந்தது 30 சதவீதம், 40 கோடிப் பேர் என்று சொன்னது. தாய்லாந்தில் மூன்றாவது திட்டம் அள்ளிக்கொண்ட கூட்டம் இங்கே அப்படியே நிற்கிறது. 2024 அக்டோபரில் 70 வயதும் அதற்கு மேலும் ஆன எல்லாருக்கும் வருமானம் பாராமல் 5 லட்சத் திட்டத்தைத் திறந்தார்கள். அந்த வயதுப் பிரிவில் மட்டும் கேள்வி கேட்காமல் சேர்க்கிறார்கள். அதிலும் மாதாந்தர மாத்திரை இல்லை.

பேர்ன் தமிழ்:

இலவசமா இல்லாமலும் எல்லாரையும் சேர்க்கலாம் எண்டதுக்குச் சுவிற்சர்லாந்து இருக்கு. 1996இலிருந்து நடைமுறையிலை இருக்கிற சட்டம். குடியேறி மூண்டு மாதத்துக்குள்ளை அடிப்படைக் காப்புறுதி எடுக்க வேணும். நிறுவனம் ஆரையும் மறுக்க ஏலாது, பழைய வருத்தம் இருக்கு எண்டு கூடுதல் கட்டணம் கேட்கவும் ஏலாது. ஆனா மாதக் கட்டணம் வருமானத்தைப் பார்க்காது, தலைக்கு இவ்வளவு. வளர்ந்தவர் ஒருவர் ஆண்டுக்கு முதல் 300 பிராங்கிலிருந்து 2,500 பிராங் வரைக்கும் சொந்தக் காசிலை கட்டுற தொகையைத் தானே தெரிவு செய்யலாம். அதுக்கு மேலை 10 வீதம், 700 பிராங் வரைக்கும். 300 எடுத்தவருக்கு உச்சம் 1,000. 2,500 எடுத்தவருக்கு 3,200. வாட்டிலை இருந்தா நாளுக்கு 15 பிராங் வேறை.

மாதக் கட்டணம் குறையுது எண்டு வருமானம் குறைஞ்சவை 2,500ஐத் தெரிவு செய்தா, பிறகு வருத்தம் வந்தா வைத்தியரிட்டைப் போகத் தயங்குவினம். கட்டணக் கழிவு மாநிலம் குடுக்கும். சில மாநிலங்களிலை தானா வரும், சிலதிலை விண்ணப்பிக்க வேணும். மொழி தெரியாதவை விண்ணப்பிக்காமல் விடுகினம். கட்டணம் கட்டத் தவறினவையைக் கறுப்புப் பட்டியலிலை போட்டு, அவசர சிகிச்சை மட்டும் குடுக்கிற மாநிலங்களும் இருக்கு. புள்ளிவிபரத்திலை எல்லாரும் காப்புறுதி உள்ளவை.

கணக்குமேசை:

பேர்ன் தமிழ் கடைசியாகச் சொன்னது என் அடுத்த கவலையைத் தொடுகிறது. ஐ.நா.வின் நிலையான வளர்ச்சி இலக்குகளில் 3.8.1, 3.8.2 என்று இரண்டு குறியீடுகள் இதற்காகவே இருக்கின்றன. முதலாவது 14 அடையாளச் சேவைகளின் பெருக்குச் சராசரி. மருத்துவமனைப் படுக்கை 10,000 பேருக்கு 18 இருந்தால் அந்தக் கூறில் முழு மதிப்பெண். அந்தப் படுக்கை தலைநகரில் குவிந்திருக்கிறதா என்று கேட்பதில்லை. 2023 அறிக்கையின்படி உலக அளவில் இந்தக் குறியீடு 2000இல் 45, 2021இல் 68.

இரண்டாவது, வீட்டுச் செலவில் 10 அல்லது 25 சதவீதத்துக்கு மேல் மருத்துவத்துக்குப் போகும் வீடுகளை 2025 வரை எண்ணிவந்தது. சிறுநீரகம் செயலிழந்தவர் டயாலிசிஸ் செய்யக் காசில்லாமல் வீட்டில் கிடந்து இறந்தால் அவர் வீட்டின் மருத்துவச் செலவு பூஜ்யம். கணக்கில் அது பாதுகாக்கப்பட்ட குடும்பம். அதே நோய்க்கு நிலத்தை விற்று வைத்தியம் பார்த்த வீடுதான் பாதிக்கப்பட்ட வீடாகப் பதிவாகும். சிகிச்சையைக் கைவிட்டவர்களைத் தனியாக எண்ணாத எந்த அளவையும் நான் நம்ப மாட்டேன்.

தென்கரை:

அப்படியென்றால் எல்லா நோய்க்கும், எல்லாருக்கும், ஒரு ரூபாய்கூட வாங்காமல் கொடுத்தால்தான் ஒத்துக்கொள்வீர்களா? அப்படி ஒரு நாடே இல்லையே.

சாவோபிரயா:

இல்லைதான். இங்கிலாந்தில் 1948 முதல் தேசிய சுகாதாரச் சேவை இருக்கிறது. அங்கே மருந்துச் சீட்டில் ஒவ்வொரு மருந்துக்கும் 9.90 பவுண்டு, பல்லுக்குத் தனிக் கட்டணம். வேல்ஸிலும் ஸ்காட்லாந்திலும் மருந்துக்குக் கட்டணமில்லை. கனடாவின் 1984 சட்டம் எல்லாரையும் சேர்ப்பதை ஐந்து நிபந்தனைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. ஆனால் வீட்டில் சாப்பிடும் மாத்திரை அந்தச் சட்டத்துக்குள் வரவில்லை.

எதைக் கொடுக்க முடியாது என்பதை எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்று பாருங்கள். தாய்லாந்து 2002இல் டயாலிசிஸைச் சேர்க்கவில்லை. காசு பற்றாது என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். நோயாளிகள் அமைப்பாகக் கேட்டார்கள். 2008இல் சேர்த்தபோது ஒரு நிபந்தனை: முதலில் வயிற்றுவழி டயாலிசிஸ். ஊரில் இயந்திர மையம் இல்லாதவருக்கும் அது எட்டும். திரவப் பைகளை அஞ்சல் துறை வீட்டுக்குக் கொண்டுவந்தது. 2022இல் நோயாளியே முறையைத் தேர்வு செய்யலாம் என்று மாற்றினார்கள். இது சரியா தவறா என்று அங்கே இன்னும் சண்டை நடக்கிறது. ஆனால் பட்டியல் எல்லாருக்கும் ஒன்று, பட்டியலை மாற்றக் கேட்கும் வழி தெரியும். ஒரு பட்டியல் குறைவாக இருந்தும் எல்லாருக்கும் பொருந்தினால் அதை நான் ஏற்பேன். பெரிய பட்டியல் வைத்து, வாசலில் ஆளைப் பார்த்து உள்ளே விடுவதை ஏற்க மாட்டேன்.

முன்அனுமதி:

அந்த அளவுகோலில் தமிழ்நாட்டில் முழுத் தேர்ச்சி பெறும் ஒன்று இருக்கிறது. 2021 டிசம்பர் 18இல் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48". மாநில எல்லைக்குள் சாலை விபத்தில் அடிபட்டால் முதல் 48 மணி நேரச் சிகிச்சை அரசுச் செலவில். அட்டை, வருமானம், எந்த மாநிலம், எந்த நாடு, எதுவும் கேட்கக் கூடாது. தொடக்கத்தில் 1 லட்சம் ரூபாய் வரை என்று வைத்தார்கள்.

சிக்கல் 49ஆவது மணி நேரத்தில். உடல் நிலைப்பட்டிருந்தால் வீட்டுக்கு. காப்பீட்டு அட்டை இருந்தால் அதற்கு மாற்றுவார்கள். இரண்டும் இல்லையென்றால் அரசு மருத்துவமனைக்கு மாற்ற வேண்டும், அல்லது குடும்பம் காசு கட்ட வேண்டும். தலைக்காயத்தோடு வென்டிலேட்டரில் இருப்பவரை எந்த மருத்துவமனைக்கு, எந்த ஆம்புலன்ஸில், அங்கே படுக்கை உண்டா என்று கேட்டு முடிவு செய்ய அந்த இரண்டு நாளுக்குள்ளேயே தொடங்கிவிட வேண்டும். உறவினர்கள் முதல் நாள் மாலையே திட்ட மேசையில் "48 மணி நேரம் எப்போது முடிகிறது, அடுத்து எங்கே" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேட்காவிட்டால் மூன்றாம் நாள் காலை பில் வரும்.

மாத்திரைக்கிடங்கு:

அளவுகோல் பற்றிப் பேசியதால், ஒரு வட்டாரத்தில் யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு ஒன்று.

தமிழ்நாட்டில் 2020இல் நடந்த ஸ்டெப்ஸ் என்ற தொற்றாநோய்க் கணக்கெடுப்பில் 18 முதல் 69 வயதுக்குள் உள்ளவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம். அவர்களில் அழுத்தம் கட்டுக்குள் இருந்தது 7.3 சதவீதம் பேருக்கு மட்டும். சர்க்கரையில் 10.8. கதவு திறந்திருந்த, மருந்துக் கழகம் 25 ஆண்டாக ஓடிக்கொண்டிருந்த மாநிலத்தின் எண் இது. 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கி, பெண் தன்னார்வலர்கள் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோக ஆரம்பித்ததற்குக் காரணமும் இந்த எண்தான்.

30,000 பேர் உள்ள ஆரம்ப சுகாதார நிலையப் பகுதி. அந்த வயதுக்காரர் சுமார் 70 சதவீதம் என்று வைத்தால் 21,000. அதில் 33.9 சதவீதம், ஏறத்தாழ 7,100 பேர். இதுதான் வகுக்கும் எண். நிலையத்தில் கேட்டால் "எங்களிடம் பதிவான 2,500 பேரில் 2,200 பேர் மாத்திரை வாங்குகிறார்கள், 88 சதவீதம்" என்பார்கள். அந்த 2,500ஐ வகுக்கும் எண்ணாக ஏற்காதீர்கள். கடைசி அளவீட்டில் 140/90க்குக் கீழே இருந்தவர் எத்தனை பேர் என்று கேளுங்கள். 900 என்றால் 900ஐ 7,100ஆல் வகுங்கள். 13 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு.

பதிவேட்டில் கவனிக்க வேண்டியவை: நிலையத்தில் ஒரு முறையும் வீட்டு வருகையில் ஒரு முறையும் ஒரே ஆள் பதிவாகியிருப்பார், ஆதாரின் கடைசி நான்கு எண்ணை வைத்து ஒப்பிட்டால் தெரியும். இறந்தவர்கள் பெயர் நீக்கப்படாமல் இருக்கும். தனியாரிடம் மருந்து வாங்குபவர் எங்கும் இருக்க மாட்டார். அவர்களை அறிய ஒரு தெருவில் 50 வீடு கேட்டாலே போதும். கேட்கும்போது, போன மாதம் மாத்திரை வாங்காமல் விட்ட நாட்கள் உண்டா, ஏன் என்றும் கேளுங்கள். "தீர்ந்துபோச்சு, சம்பளம் வந்ததும் வாங்கணும்" என்ற பதில் எத்தனை வீட்டில் வருகிறது என்பதைத் தனிப் பத்தியில் குறித்துக்கொள்ளுங்கள். கணக்குமேசை சார் தேடும் எண் அந்தப் பத்தியில் இருக்கிறது.